இருபத்தொரு சிவப்பில் ஒன்று

பிரசவ வார்டில் அவளுக்குப் பெயர் காதக்கா. வைத்தவர்கள் நர்சுகள். நேரில் "அக்கா" என்பார்கள், தலை மறைந்ததும் "காதக்கா எங்க போனாங்க?" அவளுக்கும் இது தெரியும், கோபம் இல்லை. பதினோரு வருஷமாகக் காதைத் தவிர வேறு எதையும் உருப்படியாகப் பார்க்காத மனுஷிக்கு வேறு என்ன பெயர் வைப்பது? கடைக்காரரின் முகம் அவளுக்கு மறந்துபோகும். அவருடைய இடது காது மடல் நுனியில் கொஞ்சம் மடங்கியிருப்பது மறக்காது.

அந்தப் பதினோரு வருஷமும் அவள் வேலை பார்த்தது அதே ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், காது பரிசோதனைப் பிரிவில். சுவர் முழுக்கப் பஞ்சு வைத்துத் தைத்த சின்ன அறை. கதவைச் சாத்தினால் நம் மூச்சு நமக்கே இரைச்சலாகக் கேட்கும். அவள் கையில் கைக்கடக்கமான ஒரு கருவி, நுனியில் ரப்பர் முனை. குழந்தையின் காதில் வைத்தால் உள்ளே மெல்லிய ஒலியை அனுப்பும். நல்ல காது பதிலுக்கு ஒரு சின்ன எதிரொலி தரும். எதிரொலி வந்தால் பச்சை எரியும், வராவிட்டால் சிவப்பு. அவ்வளவுதான் சங்கதி.

அங்கே சிவப்பு எரிந்தால் எரிந்ததுதான். அதற்குப் பிறகு காது டாக்டர் குழந்தையைத் தூங்க வைத்து, தலையில் ஒயர் ஒட்டி, ஒலி மூளை வரைக்கும் போய்ச் சேருகிறதா என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பார். பார்த்துவிட்டுக் காதக்கா சொன்னதையே சொல்வார். ஐம்பது தடவையில் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் மாறும். "உங்க சிவப்பு பொய் சொல்லாது" என்று டாக்டரே ஒருமுறை சொல்லிவிட்டார். அந்த வார்த்தைக்கு அவள் ஒரு வாரம் கால் தரையில் பாவாமல் திரிந்தாள்.

இந்த வருஷம் புது ஏற்பாடு ஒன்று வந்தது. ஆஸ்பத்திரியில் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும், வீட்டுக்குப் போவதற்குள் காதைப் பார்த்துவிட வேண்டும். யாரை அனுப்புவது என்று யாரும் யோசிக்கக்கூட இல்லை. அதே கருவியைத் தூக்கிக்கொண்டு அவள் மூன்றாவது மாடிக்கு ஏறினாள்.

மேலே சந்தைக்கடைதான். இரண்டு வரிசைக் கட்டில், கட்டிலுக்கு ஒரு தொட்டில், தொட்டிலைச் சுற்றி நாலு சொந்தக்காரர்கள். ஒரு குழந்தை வீறிட்டால் துணைக்கு நாலு வீறிடும். இந்த இரைச்சலில் எதிரொலியை எங்கே பிடிப்பது? அவள் விடவில்லை. குழந்தை பால் குடித்து, கண் செருகி, முஷ்டி தளர்ந்து விரல்கள் பிரிகிற அந்த இரண்டு நிமிஷத்தைக் குறிவைத்தாள். அதற்காகக் கட்டில் கட்டிலாக வட்டமடித்தாள். போன் பேசுகிறவர்களை முறைத்தே வராந்தாவுக்கு அனுப்பினாள். மூன்று மாதத்தில் இருநூற்று அறுபது குழந்தைகள். அதில் சிவப்பு பதினொன்று.

பதினோராவது சிவப்பு, பஸ் கண்டக்டரின் மகளுக்கு.

அந்தக் கண்டக்டர் வார்டுக்குள் வந்த நாளிலிருந்து அத்தனை பேருக்கும் தெரிந்தவள். ஊரைக் கூட்டும் குரல். நிரம்பி வழியும் பஸ்ஸின் பின்வாசலில் நின்றபடி முன்வாசலில் இருப்பவரை உள்ளே தள்ளிப் பழகிய குரல். பிள்ளை பிறந்த ஒரு மணி நேரத்திலேயே அதனிடம் பேச ஆரம்பித்துவிட்டாள். அதே பஸ்ஸை ஓட்டும் கணவனின் குறைகளை வரிசையாக எடுத்துவிட்டாள். "உங்கப்பா பிரேக் போட்டா பாதிப் பேர் என் மேலதான்டி விழுவாங்க. நீயே கேளு அவர." பக்கத்துக் கட்டில்காரி தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ரெண்டு நிமிஷம் பேசாம இருங்கம்மா" என்றாள் காதக்கா.

"ரெண்டு நிமிஷமா? முயற்சி பண்றேன் மேடம். கேரண்டி கிடையாது."

ஆனால் இருந்தாள், வாயைக் கையால் பொத்திக்கொண்டு. இடது காது சிவப்பு. வலது காதும் சிவப்பு.

காதக்கா கீழ்த்தளத்தில் பதினோரு வருஷம் சொன்னதை அப்படியே சொன்னாள். "ரெண்டு காதும் கேக்கலம்மா. இப்பவே தெரிஞ்சது நல்லதுதான். காதுக்கு மெஷின் வைக்கலாம், பேசப் பழக்கலாம், எல்லா வழியும் இருக்கு. ஒண்ணர மாசத்துல டாக்டர் பெரிய டெஸ்ட் எடுப்பாரு."

"இந்த மெஷின் தப்பா சொல்லாதா மேடம்?"

"நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு சரியா இருக்கும்."

கருவியோடு வந்த புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. அவள் பொய் சொல்லவில்லை. கீழே இதைக் கேட்கும் தாய்மார்கள் தலையை ஆட்டுவார்கள். முதுகுக்குப் பின்னால் தட்டைப் போட்டுப் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்து, ஒன்றரை வருஷம் வயிற்றில் நெருப்போடு இருந்தவர்கள் அவர்கள். யாராவது உறுதியாகச் சொன்னால் போதும் என்றிருக்கும். இந்தக் கண்டக்டருக்கு அப்படி எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. அவள் காதக்காவைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். மறுநாள் வீட்டுக்குப் போகிறவரை அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. வார்டே விசித்திரமாக அமைதியாகிவிட்டது.

காதக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை தவறாமல் கீழே போய், தன் சிவப்புகளெல்லாம் கடைசியில் என்னவாயின என்று கேட்பாள். யாரும் அவளைக் கேட்கச் சொல்லவில்லை. தெரிந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும், அவ்வளவுதான். மேல்மாடிக் குழந்தைகளின் பெரிய டெஸ்ட் தாமதமாகி, கண்டக்டர் வீட்டுக்குப் போன பிறகுதான் வரிசையாக நடந்தது. அவள் மேலிருந்து அனுப்பிய முதல் குழந்தைக்கு டாக்டர் டெஸ்ட் எடுத்தார். நன்றாகக் கேட்கிறது. சரி, ஐம்பதில் ஒன்று என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாவதுக்கும் கேட்டது. மூன்றாவது, நாலாவதுக்கும்தான். ஐந்தாவதாக ஒரு கொத்தனாரின் மகன். அவனுக்கு நிஜமாகவே கேட்கவில்லை. பிறகு மறுபடியும் கேட்கிறது, கேட்கிறது, கேட்கிறது. எட்டுக் குழந்தைகளில் ஏழு பேருக்குக் காது கணீரென்று இருந்தது.

பொய்யே சொல்லாத சிவப்பு மாடி ஏறியதும் புளுக ஆரம்பித்துவிட்டதா? அவளுக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்தது. முதலில் கருவி மேல் சந்தேகப்பட்டாள். கீழே கொண்டுபோய், டாக்டர் ஏற்கெனவே பார்த்து முடிவு சொல்லியிருந்த நாற்பது பிள்ளைகளின் காதில் வைத்துப் பார்த்தாள். கேட்காத பிள்ளைகளுக்குச் சிவப்பு, கேட்கிற பிள்ளைகளுக்குப் பச்சை, ஒன்றே ஒன்றுதான் பிசகியது. கருவி மேல் குற்றமில்லை. அடுத்து தன் கை மேல் சந்தேகப்பட்டாள். மேலே ஒரு நர்சைப் பழக்கி அவளை வைக்கச் சொன்னாள். அந்தக் கைக்கும் நூற்றுக்கு நாலைந்து சிவப்புதான். இரைச்சல் காரணமோ என்று ஒரு நாள் வார்டின் மின்விசிறிகளை மொத்தமாக நிறுத்தினாள். கிடைத்தது தாய்மார்களின் வசவு மட்டும்.

டாக்டரிடமே போய் நின்றாள். அவர் ஒரு பிள்ளையின் தலையில் ஒயர் ஒட்டிக்கொண்டே சொன்னார். "பிறந்த புதுசுல காதுக்குள்ள கொஞ்சம் நீர் நிக்கும், அதனாலயும் சிவப்பு வரும். ஆனா அது மட்டும் இல்ல. உங்க கருவி மாறல, கையும் மாறல. கீழ வர்ற கூட்டம் வேற, மேல வர்ற கூட்டம் வேற."

"கூட்டம் வேறன்னா காது வேறயா டாக்டர்?"

"ஐநூறு குழந்தை பிறந்தா, அதுல எத்தன பேருக்குக் கேக்காது?"

"ஒண்ணு இருக்கும்."

"கீழ வர்ற நூறு பேர்ல?"

"பாதிப் பேருக்கு."

"அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு டாக்டர் ஒயரில் மும்முரமானார். என்ன அவ்வளவுதான்? வீடு வரைக்கும் அந்த அவ்வளவுதான் அவள் மண்டையைக் குடைந்தது.

அவள் கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. ஞாயிற்றுக்கிழமை காலை அவர் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தபோது எதிரே போய் நின்றாள்.

"என்னங்க, ஐநூறு பட்டன் வேணும். நானூத்தித் தொண்ணூத்தொம்பது வெள்ள, ஒரு கறுப்பு."

"யாருக்குச் சட்ட? பூரானுக்கா?"

"குடுங்க, சொல்றேன்."

வெட்டு மேசையில் பட்டன்களைக் கொட்டினாள். வெள்ளை எல்லாம் கேட்கும் குழந்தைகள். கறுப்பு, கேட்காத குழந்தை. கறுப்பைத் தொட்டதும் கருவி சிவப்பு காட்டிவிடும். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்று புத்தகம் சொன்னது இதைத்தான். அதை ஒரு பக்கம் நகர்த்தினாள். பிறகு வெள்ளை. அதே புத்தகத்தில் கீழே சின்ன எழுத்தில் இன்னொன்றும் போட்டிருந்தது. நன்றாகக் கேட்கும் காதுகளிலும் நூற்றுக்கு நாலுக்குக் கருவி தவறாகச் சிவப்பு காட்டும். நாலுதானே என்று அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதே இல்லை. இப்போது நூறு நூறாகப் பிரித்து, ஒவ்வொரு நூறிலிருந்தும் நாலைத் தள்ளினாள். நாலு, எட்டு, பன்னிரண்டு, பதினாறு, இருபது.

தள்ளிய குவியலைப் பார்த்தாள். இருபது வெள்ளை நடுவே ஒரு கறுப்பு.

"இதுல என்ன அதிசயம்?" என்றார் தையல்காரர், காலரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இருங்க." இப்போது ஐம்பது கறுப்பும் ஐம்பது வெள்ளையும் எடுத்தாள். இதுதான் கீழ்த்தளம். கறுப்பில் நாற்பத்தொன்பது சிவப்புக்குப் போயின. வெள்ளையில் நூற்றுக்கு நாலு என்றால் ஐம்பதுக்கு இரண்டு. குவியலில் நாற்பத்தொன்பது கறுப்பு, இரண்டே இரண்டு வெள்ளை.

ஒரே கருவி, அதே நாலு, அதே தொண்ணூற்றெட்டு. கீழே சிவப்பு எரிந்தால் அநேகமாகக் கறுப்பு. மேலே சிவப்பு எரிந்தால் அநேகமாக வெள்ளை! வெள்ளை அவ்வளவு ஏராளமாக இருக்கிற இடத்தில், தப்பு கொஞ்சமாகத் தெறித்தாலும் கறுப்பை மூழ்கடித்துவிடுகிறது. அவளுக்கு ஒரு நிமிஷம் குழந்தை மாதிரி சந்தோஷமாக இருந்தது. பதினோரு வருஷம் கூடவே இருந்த கருவியை அன்றுதான் நிஜமாகப் பார்த்தது போல இருந்தது.

சந்தோஷம் அந்த ஒரு நிமிஷத்தோடு சரி. மெஷின் தப்பா சொல்லாதா என்று கேட்ட முகம் ஞாபகம் வந்தது. கேட்காத பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சிவப்பு எரியும் என்பதற்குத்தான் தொண்ணூற்றெட்டு பதில். அந்தத் தாய் கேட்டது அதை இல்லை. சிவப்பு எரிந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கேட்காது என்று கேட்டாள். அதற்குப் பதில் இருபத்தொன்றில் ஒன்று. ஒரு கேள்விக்கு இன்னொரு கேள்வியின் பதிலைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள். கீழே இரண்டு பதிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால் பதினோரு வருஷமாக வித்தியாசமே தெரியவில்லை.

"ஐயோ" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பெரிய டெஸ்டுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதுவரைக்கும் அந்த வீடு காது கேட்காத பிள்ளையின் வீடாக இருக்கும். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பஸ் ஊழியர் குடியிருப்பில் இரண்டாவது மாடி. டிரைவர் கதவைத் திறந்தார். "வாங்க" என்பதை ரகசியம் போலச் சொன்னார். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லாமல். தொட்டிலுக்கு மேலே கலர் கலராக ரிப்பன்களும் பளபளக்கும் காகிதங்களும் தொங்கின. கண்டக்டர் குழந்தையின் முகத்துக்கு நேரே கையை விரித்து மூடிக் காட்டிக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு மூன்று வாரம். மூன்று வாரமாக அந்த வீட்டில் யாரும் அதனிடம் பேசவில்லை.

"கேக்காதுன்னு தெரிஞ்சும் பேசினா எனக்கு அழுக வருது மேடம்" என்றாள் கண்டக்டர். "அழுதுகிட்டே இருந்தா பால் எப்படிக் குடுக்கிறது? அதான் நிறுத்திட்டேன். கண்ணாவது நல்லாப் பழகட்டும்னு ரிப்பன் கட்டினேன்."

காதக்கா நேராகவே சொன்னாள். "நான் தப்பா சொல்லிட்டேம்மா. சிவப்பு எரிஞ்சது நிஜம். ஆனா கேக்காதுன்னு சொல்லியிருக்கக் கூடாது."

"அப்ப கேக்குமா?"

கேட்கும் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. அப்படி ஒரு உறுதியைச் சொல்லித்தானே இந்த வினை. "தெரியல. உங்க பொண்ணு மாதிரி சிவப்பு எரிஞ்ச இருபத்தோரு குழந்தைங்க இருந்தா, இருபது பேருக்குக் கேக்கும். ஒருத்தருக்குக் கேக்காது. உங்க பொண்ணு அந்த ஒருத்தரா, இருபதுல ஒருத்தரான்னு மறுபடி பாத்தாத்தான் சொல்ல முடியும்."

"தொண்ணூத்தெட்டு சரின்னீங்களே!" அந்த பஸ் குரல் மூன்று வாரத்துக்குப் பிறகு வெளியே வந்தது. டிரைவர் திடுக்கிட்டார். காதக்கா ஒவ்வொன்றாகச் சொன்னாள், கீழ்த்தளம், மேல்மாடி, பட்டன் எல்லாவற்றையும். கண்டக்டர் முறைத்தபடியே கேட்டாள். பிறகு முறைப்பு மெல்ல யோசனையாக மாறியது.

"டிக்கெட் எடுக்காத ஆள் மாதிரியா?" என்றாள்.

"எப்படி?"

"ஆளோட முழி எனக்குத் தெரியும். டிக்கெட் வாங்காதவன் ஒரு தினுசா ஜன்னலுக்கு வெளியே பாப்பான். மேட்ச் நடக்கிற அன்னிக்கு ஸ்டேடியம் பஸ்ல அப்படிப் பாக்கிறவனைப் பிடிச்சா, பிடிச்சது பிடிச்சதுதான். ஆனா காலைல ஆபீஸ் பஸ்ல எல்லாரும் பாஸ் வச்சிருக்கிறவங்க. அங்க அதே மாதிரி ஜன்னலப் பாத்தவர ஒரு தடவ நிறுத்திட்டேன். அவர் பாஸை எடுத்து நீட்டிட்டு, ஏம்மா நான் ஜன்னலப் பாக்கக் கூடாதான்னு கேட்டாரு. எனக்கு மானம் போயிடுச்சு."

"அதே கண்ணு, அதே முழி. பஸ்தான் வேற" என்றாள் காதக்கா வியப்போடு. பட்டன் எல்லாம் எதற்கு, இந்த ஒரு வார்த்தை போதுமே என்று தோன்றியது.

"ஆனா ஆபீஸ் பஸ்லயும் எப்பவாவது ஒருத்தன் இருப்பான்" என்றாள் கண்டக்டர். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"இருப்பான். அதனாலதான் நாளைக்குக் காலைல வாங்க. பிறந்தப்ப காதுல நின்ன நீர் இந்நேரம் வத்தியிருக்கும். நாளைக்கும் சிவப்பு வந்தா அப்ப நிஜமாவே கவலப்படலாம்."

மறுநாள் காலை காதக்கா வார்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேள்விப்பட்ட நர்சு ஒருத்தி, "இருபத்தொண்ணுல இருபது தப்புன்னா இந்த டெஸ்ட் எதுக்கு அக்கா? தூக்கிப் போட்டுட்டுப் போலாம்" என்றாள். "கொத்தனார் பையனத் தூக்கிப் போடுவியா?" என்று காதக்கா சீறினாள். "அவனப் பிறந்த வாரமே கண்டுபிடிச்சோம். இல்லேன்னா ரெண்டு வயசு வரைக்கும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது. டெஸ்ட் மேல தப்பு இல்ல. அது பாவம், மறுபடி பாருன்னு மட்டும்தான் சொல்லுது. தீர்ப்பு சொன்னது நான்." அன்றைக்கே காதக்கா தனக்கு ஒரு விதி போட்டுக்கொண்டாள். இனி எந்தத் தாயிடமும் கேட்கவில்லை என்று சொல்வதில்லை. மறுபடி பார்க்க வேண்டும், அதுவரை குழந்தையோடு பேசிக்கொண்டே இருங்கள் என்றுதான் சொல்வாள்.

ஒன்பது மணிக்கு அவர்கள் வந்தார்கள். குழந்தை நன்றாகப் பால் குடித்துவிட்டுத் தாயின் தோளில் தூங்கியது. விரல்கள் பிரிந்திருந்தன. காதக்கா ரப்பர் முனையை இடது காதில் வைத்தாள்.

பச்சை.

குழந்தையைத் திருப்பி, வலது காதில் வைத்தாள். சில நொடி ஒன்றுமே எரியவில்லை. பிறகு அதுவும் பச்சை.

டிரைவர் சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார், அல்லது அழுதார். கண்டக்டர் சிரிக்கவில்லை.

"இந்தப் பச்சையாவது நம்பலாமாக்கா?"

"தாராளமா நம்பலாம். அந்த ஐநூறுல பச்சை மட்டும் நானூத்தி எழுபத்தொம்பது. அதுல ஒண்ணு தப்பா இருந்தாலே அதிகம். மேல்மாடில பச்சை பொய் சொல்லாது."

"அப்ப இத்தன நாளா இவளுக்குக் கேட்டுக்கிட்டுதான் இருந்துச்சு."

"முதல் ரெண்டு மூணு நாள் நீர் மறைச்சிருக்கும். அப்புறம் கேட்டிருக்கு."

கண்டக்டர் குழந்தையைத் தோளிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் பேசாம இருந்ததும் கேட்டிருக்கும்" என்றாள்.

காதக்கா கருவியை நிறுத்தி உறையில் போட்டாள். கண்டக்டர் குனிந்து குழந்தையின் காதருகே வாயைக் கொண்டுபோனாள். அவ்வளவு சின்னக் குரல் அவளிடம் இருக்கும் என்று அந்த வார்டில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

"அம்மா எங்கயும் போகலடி" என்றாள். "பக்கத்துலயேதான் இருந்தேன்."